குறுக்கிய கட்டை

கணவன் இறந்த மறுவாரமே கொழுந்தன் துப்பாக்கியைக் கேட்டு வந்து நின்றான்.

"எங்க பாட்டன் தன் அளவுக்கு மாத்தி வெச்சது. வந்தவங்களுக்கு அதுல என்ன பாத்தியதை?"

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கணவன் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன பொருள் அது ஒன்றுதான். யாருக்காக மாற்றியதென்று துப்பாக்கி பழுதுபார்க்கிறவரே சொல்லட்டும் என்று கொழுந்தன்தான் அவளைக் கடைக்கு இழுத்துப்போனான்.

கடைக்காரர் எண்ணெய் விட்டு, தட்டி, மல்லுக்கட்டித் திருகுகளைக் கழற்றினார்.

"குழாய் நூறு வருஷப் பழசு. தோள்ல வைக்கிற கட்டையைக் குட்டையான ஆளுக்காகக் குறுக்கியிருக்காங்க. விசையை நடுவிரலுக்குத் தோதா வளைச்சிருக்காங்க. ஆள்காட்டி விரல் இல்லாத ஆள் போலிருக்கு."

கொழுந்தன் அவளுடைய வலது கையைப் பார்த்தான். அந்த விரலைப் போன வருடம்தான் மில் இயந்திரம் வாங்கிக்கொண்டது.

"ஓஹோ. எங்க பாட்டனுக்குப் பத்து விரலும் இருந்துச்சு. அண்ணி முன்னாடியே கைவரிசையைக் காட்டிட்டாங்க."

"இல்லைங்க. துருவைப் பாருங்க. இந்த வேலையும் நூறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதுதான்."

எல்லாவற்றையும் பூட்டி அவளிடம் நீட்டினார். அவள் தோளில் வைத்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கையைப் போலப் பொருந்தியது. நடுவிரல் தானாக விசைக்குப் போனது. கொழுந்தன் ஒதுங்கி நின்றான். குழாயும் அவன் பக்கம் திரும்பியது.

"கீழ வைங்க அண்ணி."

"இருங்க தம்பி," என்றாள். "இப்பத்தான் கைக்கு வந்திருக்கு."