மிளகு குரைக்கவில்லை

"கையில என்ன மேடம் கட்டு?" என்று கேட்டாள் ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்.

"இவன்தான் இழுத்துத் தள்ளிட்டான்," என்று தன் கறுப்பு நாயைக் காட்டிச் சிரித்து மழுப்பினாள் அவள். அறையை அக்கா தன் பெயரில் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

நாய்களையும் தங்கவைக்கும் அந்த நட்சத்திர ஓட்டலில், அறைக் கதவில் 'மிளகு' என்று பெயர்ப்பலகையே மாட்டினார்கள். மிளகோ யாரையும் அண்டவிடவில்லை. துண்டு கொண்டுவந்தவர், தட்டு எடுக்க வந்தவர், யார் கதவைத் தட்டினாலும் குரைத்து ஊரைக் கூட்டியது.

"குரைக்கட்டும் விடுடி. அதுதான் உனக்குக் காவல்," என்றாள் அக்கா போனில்.

மாலையில் வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். "மேடம், உங்க மிளகு கதவு முன்னாடி நிக்கிற போட்டோவை எங்க பேஜ்ல போட்டோம். ரூம் நம்பர்கூட பளிச்னு தெரியுது. லைக் குவியுது!"

அவள் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். "ஐயோ, உடனே எடுத்துடுங்க!"

"காலையிலயே போட்டாச்சே மேடம்."

கதவை யாரோ தட்டினார்கள்.

மிளகு குரைக்கவில்லை. துள்ளி ஓடி, கதவிடுக்கில் மூக்கை வைத்து, வாலைக் குழைத்துக் கொஞ்சியது. வீட்டில் அவள் புருஷன் வரும்போது மட்டும்தான் அது அப்படிச் செய்யும்.

ஒடிந்த கை மறுபடி வலிக்கத் தொடங்கியது.