ஆறாம் மாதத்தின் கடைசி நாள்

கழுத்தில் மப்ளர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கண்டியில் ஒரு தேத்தண்ணிக் கடையின் மூலைக் கதிரையில் திருச்செல்வம் முதலாளி பதுங்கியிருந்தார். ஐந்தாவது பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. பார்வை மட்டும் எதிர்ப்பக்க வாசலை விட்டு நகரவில்லை.

“வந்துட்டாருங்க,” என்றார் அருகிலிருந்த ஸ்ரீதரன், முதலாளியின் கடைக் காசாளர்.

குடையும் ஒரு காகிதப் பெட்டியுமாக வந்தவர் இராமையா. பிலிமத்தலாவையில் முதலாளியின் பித்தளைச் சாமான் கடையில் பத்தொன்பது வருடம் நின்றவர். போட்டிக்கு அதே வியாபாரம் செய்யும் எதிர்க்கடை மர்சூக்கோடு ஒரே மேசையில் பிளேன்டீ குடித்த குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அவர் போய் நின்றது தொழில் நியாய சபையின் வாசலில்.

“அநியாயமா நிப்பாட்டிட்டாங்கன்னு மனு குடுக்கிறதுன்னா ஆறு மாசத்துக்குள்ள குடுக்கணும்,” என்றார் முதலாளி. “இன்னைக்கித்தான் கடைசி. நாலேகாலுக்கு ஆபீஸ் மூடினா, இவன் வாயத் தொறக்க ஏலாது.”

“அவருதான் ஒண்ணுமே செய்யலையே முதலாளி. வழியில கண்டாக்கூட உங்களக் கும்பிடுறாரு.”

“அதான்டா சந்தேகமே. வேலைய விட்டு நிப்பாட்டினவன எவனாச்சும் கும்பிடுவானா?”

சந்தேகம் முதலாளியின் உடன்பிறப்பு. இராமையாவை நிறுத்திய அன்றே அவருடைய வழக்குகளைப் பார்க்கும் லோயர் ஹுஸைன், “இனிமே யோசிக்காம எதுலயும் கையெழுத்து வைக்காதீங்க” என்று சொல்லியிருந்தார். முதலாளி யோசிக்கவில்லை, கையெழுத்தையே விட்டுவிட்டார். கோயில் நன்கொடைச் சிட்டை, பதிவுத் தபால், கேஸ் சிலிண்டர் பில் எல்லாம் வந்த வழியே திரும்பின. மகள் தனுஜாவின் கலியாணப் பதிவில் அப்பா வைக்கவேண்டிய சாட்சிக் கையெழுத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் அதை இன்னும் மறக்கவில்லை.

வாசலில் காவலாளி எழும்பி வந்து இராமையாவின் தோளில் தட்டினார். இராமையா பெட்டியை நீட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

“பெட்டிக்குள்ள என்னடா?”

“லட்டா இருக்கும் முதலாளி.”

“இதான் உங்கிட்ட உள்ள குறை. பாக்கிறத அப்படியே நம்பிருவ. அதுக்குள்ள மனு இருக்கும்.”

காவலாளி பெட்டியைத் திறந்து, மனுவில் பாதியைக் கடித்துத் தின்றார்.

இராமையா உள்ளே போகவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். நாலேகாலுக்குப் படலை மூடப்படும்வரை முதலாளி அசையவில்லை. மூடியதும் மப்ளரை அவிழ்த்து, ஆறு மாதத்து மூச்சை ஒரேயடியாக விட்டார்.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு இராமையா வந்து நின்றார்.

“வாங்க இராமையா, வாங்க,” முதலாளியின் குரலில் தேன் வடிந்தது. “பிளேன்டீ குடிக்கிறீங்களா? மர்சூக்கோட குடிச்ச ருசி இருக்காது.”

“பரவாயில்லீங்க.”

“பாவம், ஒரு நாள் பிந்திட்டீங்க. நேத்து நாலேகாலோட ஆறு மாசமும் சரி. இனி எம்மேல வழக்குப் போடவே ஏலாது, தெரியுமா?”

“தெரியுங்க முதலாளி.”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

இராமையா குடையை ஆணியில் மாட்டினார். குத்துவிளக்குகளைத் துடைக்கும் துணியைக் கையில் எடுத்தார்.

“வழக்கு போன மாசமே முடிஞ்சிருச்சுங்க, நாலு தவணைக்குப் பதிவுத் தபால் போட்டுக் கூப்பிட்டும் நீங்க வரலைன்னு, என்னைய இன்னைக்கித் திரும்ப வேலைக்குச் சேரச் சொல்லிட்டாங்க.”