வாராவாரம் ஒரு தந்தி

பழைய வயலின்களைப் பழுதுபார்த்து விற்பவரிடமிருந்து நூறு வருஷத்து வயலின் ஒன்றை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். இவர் வில்லைக் கையில் எடுத்தாலே தெருவில் ஜன்னல்கள் சாத்திக்கொள்ளும்.

வாராவாரம் ஒரு தந்தி அறுந்தது.

"பழசுன்னா அப்படித்தான் சார்," என்று விற்றவரே வந்து புதுத் தந்தி மாட்டுவார். சரியாக இருக்கிறதா என்று அரை மணி நேரம் வாசித்துப் பார்ப்பார். கேட்பதற்கு மாடிப்படி வரை கூட்டம் நிற்கும்.

இன்றும் வாசித்துவிட்டுப் போனார். நான் எதிர்வீட்டு அக்காவின் காதைக் கடித்தேன்.

"தந்தியை வெட்ட இந்த வாரம் என் முறையாச்சே! நீங்க ஏன் முந்திக்கிட்டீங்கக்கா?"

"நான் கத்திரிக்கோலையே எடுக்கலையேடி!"

இருவரும் திரும்பினோம். இவர் அசடு வழிய, சட்டைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஏன், எனக்கு மட்டும் காது இல்லையா?"