சாப்பாட்டு மேஜையில் ஒரு கிட்டார்

அஜிதா சாளை மீன் குழம்பில் கரண்டியை விட்டாள். மேலே ஏதோ பொடிப்பொடியாக மிதந்தது. மல்லித்தூள் இல்லை. மரத்தூள்.

"ஏங்க, இங்க வந்து இதைப் பாருங்க."

அவள் கணவன் ஜெப்சன் எழுந்து வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் அயனிப் பலகையைப் போட்டு உளியால் குடைந்துகொண்டிருந்தான். காதில் பென்சில், மூக்கில் மாஸ்க்.

"குழம்பை மூடி வைக்கப்பிடாதா?" என்றான்.

அஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு மாதமாக இந்தக் கூத்துதான். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்குப் பழுது பார்க்கிற வேலை ஜெப்சனுக்கு. லீவு நாள் வந்தால் போதும், மேஜை அவனுடையது. பிள்ளைகளுக்குத் தரையில்தான் சோறு. யூடியூப் பார்த்து வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறானாம்.

நடுவில் கெட்டிக் கட்டை. அதன் இரண்டு பக்கமும் குடைந்து பள்ளமாக்கி, மேலே மெல்லிய பலகையை ஒட்டி மூட வேண்டுமாம். பசை இறுகுகிறவரை பலகை அசையக் கூடாதென்று அவளுடைய அம்மிக்குழவி, அரிசி டப்பா, பிள்ளைகளின் புஸ்தகப் பை எல்லாம் அதன் மேல் ஏறின. இரண்டு நாள் அரைப்பு கிடையாது. கழுத்துக்கட்டை இரண்டு தடவை கோணிப் போய், மூன்றாவதாக ஒன்று செதுக்கினான். பெயின்டா வார்னிஷா என்று ஒரு வாரம் யோசித்தான்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். செய்வது கிட்டார் என்பதுதான் பொறுக்கவில்லை.

அவள் தம்பி ஸ்டெனி பதினைந்து வருஷம் சர்ச் கொயரில் கிட்டார் வாசித்தவன். போன வருஷம் ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினில் அவன் இடது கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். கம்பியை அமுக்குகிற கை அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கிட்டாரைத் தூக்கிக் கொயருக்கே கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் குலசேகரத்தில் வீட்டோடு கிடக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட வருவதில்லை.

ஜெப்சன் மச்சினனை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் பார்த்ததோடு சரி.

"குலசேகரம் பெய்ட்டு அவனைப் பாத்துட்டு வருவோம்னா உங்களுக்கு நேரமில்லை. இதுக்கு நேரம் இருக்கு."

"பெய்ட்டு என்ன பேச?"

"ஒண்ணும் பேசண்டாம். சும்மா பக்கத்துல இருங்க. அவன் விரல் போய்க் கெடக்கான். நீங்க இங்க கிட்டார் செஞ்சு வெளையாடுதிய. அவன் காதுல விழுந்தா எப்படி இருக்கும்?"

"நீ சொல்லாட்டா விழாது."

"ஏன், வெக்கமா இருக்கோ?"

ஜெப்சன் பலகையில் கிடந்த தூளை ஊதினான். அது நேராகச் சோற்றுப்பானைப் பக்கம் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டார் முடிந்தது. தேன் நிறம். இரண்டு பக்கமும் வளைவாக ஒவ்வொரு துளை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுவும் அஜிதாவுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆராதனை முடிந்து ஜெனிலா பார்க்க வந்தாள். ஸ்டெனிக்குப் பதிலாக இப்போது கொயரில் வாசிக்கிற பெண்.

"அண்ணே, சூப்பரா இருக்கு! கடையில வாங்குனதுன்னே சொல்லலாம்."

ஆசையாக மடியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். என்னவோ போலக் கேட்டது. குனிந்து பார்த்தாள்.

"அண்ணே... கம்பியெல்லாம் மாறிக் கெடக்கு. தடிச்ச கம்பி மேல வரணும். இது கீழ வந்திருக்கு. சவுண்டு கூட்டுற திருகுக் குமிழும் கீழ இல்லாம மேல இருக்கு."

அஜிதாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நாலு மாசம் மரத்தூள் தின்னோம்! கடைசியில தலைகீழா செஞ்சு வச்சிருக்கிய! மேல எது, கீழ எதுன்னு தெரியாத ஆளுக்கு எதுக்கு இந்த வேலை?"

ஜெப்சன் கிட்டாரை வாங்கி, துணியால் ஒரு தடவை துடைத்து, உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"கிளம்பு. குலசேகரம் போவோம்."

"இதையும் எடுத்துக்கிட்டா? அவன் கண்ணு முன்னால இதைக் கொண்டு நீட்டவா? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"தலைகீழா இல்ல, ஏட்டி. ஸ்டெனிக்கு இடது கையில ரெண்டு விரல் இருக்குல்லா, மீட்ட அது போதும். அமுக்கதுக்கு வலது கையில அஞ்சும் இருக்கே."

அஜிதா உறையின் ஜிப்பை மறுபடி இறக்கிப் பார்த்தாள்.

ஜெனிலா கேட்டாள். "இடக்கைக்காரவங்களுக்குன்னு கடையிலயே கிட்டார் வருமே, அண்ணே. இவ்வளவு பாடு படணுமா?"

"கெட்டிக் கட்டையில செஞ்சது வரும். அதை ஸ்பீக்கர் ஒயர் மாட்டாம வாசிச்சா வாசிக்கவனுக்கே சரியாக் கேக்காது. உள்ள காலியா, பெரிய பொள்ளைப் பெட்டி உள்ளதும் வரும். அதை வாசிச்சா தெரு முழுக்கக் கேக்கும். இந்த மாதிரி ரெண்டுக்கும் நடுவுல உள்ளது இடக்கைக்கு எங்கயும் கிடைக்கல்ல."

ஜெப்சன் வண்டிச் சாவியை எடுத்தான்.

"பதினஞ்சு வருஷம் வாசிச்சவன் முதல்ல இருந்து தப்புத்தப்பாப் படிக்கணும்லா? இதுல ஒயர் மாட்டாத வரைக்கும் அவனுக்கு மட்டும்தான் கேக்கும். எப்ப மாட்டணும்னு அவனே முடிவு பண்ணட்டும்."