சுருதி சேராத தாலாட்டு

தமயந்தி தன் குரலில், தன் செலவில் ஒரு ஆல்பம் வெளியிட்டாள். அவள் குரலை என்றோ நகலெடுத்துத் தன் பெயரில் பதிவு செய்திருந்த நிறுவனம், எங்கள் சொத்தைத் திருடிவிட்டாள் என்று வழக்குப் போட்டு ஜெயித்தும்விட்டது. நீதிபதி தாராள மனசுக்காரர். வீட்டுக்குள் பாடிக்கொள்ளலாம், ஆனால் சுருதி சேரக் கூடாது என்றார். சேர்ந்தால் அதிரும் பட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். மகள் இதழினி பிறந்ததிலிருந்து அபஸ்வரத் தாலாட்டில்தான் தூங்கினாள்.

அவளுடைய நான்காவது பிறந்தநாளுக்கு நிறுவனத்து அதிகாரி பாடும் பொம்மையோடு வந்து நின்றார்.

"உங்க குரல்தான் மேடம். குழந்தையாவது நல்ல பாட்டு கேக்கட்டுமேன்னு எங்க எம்.டி. ஆசைப்பட்டார்."

என்ன கருணை! பொம்மை பாடியது. துளி பிசகில்லை.

இதழினி காதைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, இந்த ஆன்ட்டிக்குப் பாடவே வரல. நிறுத்தச் சொல்லு. நீ பாடு."

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. தமயந்தி வாய்விட்டுச் சிரித்தாள். அதில் எந்த ஸ்வரம் சேர்ந்ததோ, கழுத்துப் பட்டை அதிர்ந்தது. அப்படியும் அவள் நிறுத்தவில்லை.

அதிகாரிக்குக் கடமை நினைவுக்கு வந்தது. கைபேசியை நீட்டி, அந்தச் சிரிப்பையும் நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்துகொண்டார்.