கிணற்றுக்குள் கருங்காலி

வனத்துறை ஜீப் எங்கள் தெருமுனையில் திரும்புகிறது. பக்கத்து வீட்டு மாசானமுத்து, மலையில் திருட்டுத்தனமாய் வெட்டிவந்த கருங்காலிக் கட்டையைக் கொல்லைக் கிணற்றுக்கு உருட்டுகிறான். ஊரெல்லாம் அதிர்ஷ்டத்துக்குக் கருங்காலி மாலை தேடினால், வெட்டுகிறவன் கை சும்மா இருக்குமா? துணி காயப்போடும் சாக்கில் நான் மதிலோரம் நிற்கிறேன். “ஏட்டி, கருங்காலி மிதக்காது. தண்ணியில முங்கிட்டா எவன் கண்டுபிடிப்பான்?” என்கிறான், பெண்டாட்டி சுடலைவடிவிடம். அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். “கிறுக்கா பிடிச்சிருக்கு? மலையை மொட்டையடிச்ச பொறவு ஊத்து எங்கன இருந்து வரும்? நான் தெருக்குழாய்லல்லா சுமக்கேன்!” ஒரு குடமாவது இறைத்திருந்தால் அந்த வீட்டுத் துரைக்குத் தெரிந்திருக்கும். அதற்குள் கட்டை கைநழுவிவிட்டது. வாசலில் ஜீப்பின் இரைச்சல் அடங்குகிறது. அந்த அமைதியில், வறண்ட கிணற்றின் அடித்தரை ‘தொம்’மென்று தெருவுக்கே கேட்கிறது.