ஒன்பது திட்டு

"பேருதான் அம்மாக்கண்ணு. கண்ணு ரெண்டும் எங்கம்மா போச்சு?"

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி முருகையா போட்ட சத்தத்தில் ஆபீஸ் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

அம்மாக்கண்ணு தலையைக் குனிந்தபடி நின்றாள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, தேயிலைக்கு நடுவிலும் பாதை ஓரத்திலும் முளைக்கிற களைக்கு மருந்தடிப்பது அவள் வேலை. எட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

"ஏழாம் நம்பர் மலைப் பாதை முழுக்க நீதானே அடிச்சே?"

"ஆமாங்க."

"துரை ஜீப்புல போறப்ப பாத்திருக்காரு. எல்லாம் கருகிக் கிடக்கு, நடுவுல நடுவுல பச்சைத் திட்டு நிக்குதாம். ஒண்ணு ரெண்டு இல்ல, ஒம்பது இடம்! தூங்கிக்கிட்டே அடிச்சியா?"

"விட்டுப் போச்சுங்க."

"ஒம்பது இடமும் விட்டுப் போச்சா? அப்ப அடிச்ச இடம்தான் தப்பித் தவறி அடிச்சது போல லா!"

பக்கத்தில் நின்ற கங்காணி சின்னக்கருப்பன் வாய்விட்டுச் சிரித்தார். ஆபீசில் காலையில் பேசுவதைச் சாயங்காலத்துக்குள் துரை காதில் போட்டுவிடுகிற புண்ணியவான் அவர்.

முருகையா வார்னிங் லெட்டரை நீட்டினார்.

"இது ரெண்டாவது. போன வருஷம் லேட்டா வந்து ஒண்ணு வாங்கியிருக்கே. மூணாவது வந்தா வேலை போச்சு, லயத்து வீடும் போச்சு. புருஷன் இல்லாதவ, ரெண்டு புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க போய் நிப்பே? வேலை நேரத்துல வேலையைப் பாக்கணும். கவனத்தை வேற எங்கயோ வெச்சா இப்படித்தான்."

"சரிங்க கிராணியாரே" என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள்.

முருகையாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் பூப் பைத்தியம். எழுபத்தாறாம் வருஷம் சொந்த ஊருக்குக் கிளம்பிய பழைய வெள்ளைக்காரத் துரை, வசந்த காலத்துப் பூக்களைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கிற இந்த மலைத் தோட்டத்தில் ஏது வசந்தம்? மழை பெய்கிற மாசம் உண்டு, கொஞ்சம் விடுகிற மாசம் உண்டு, அவ்வளவுதான்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. தினமும் பத்து மணிக்கு, ஆட்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்க்க மலைக்குப் போவார். போகிற வழியெல்லாம் குனிந்து குனிந்து செடிகளைப் பார்ப்பார். பெயர் தெரிந்தால் நோட்டில் எழுதுவார். தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு மறுநாளும் வந்து நிற்பார்.

"இந்தத் தோட்டத்துல பூவைப் பாக்கிற கண்ணு எனக்கு மட்டும்தான்" என்று வீட்டில் பெருமையடிப்பார். அவர் மனைவி சாரதா இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

மாசக் கடைசி வேலையில் மூன்று நாளாக அவர் மலைப்பக்கம் போகவில்லை. லெட்டர் கொடுத்த மறுநாள்தான் போனார்.

ஏழாம் நம்பர் பாதை அடுப்பங்கரைச் சுவர் மாதிரிக் கருகிக் கிடந்தது. 'ஐயோ, என் பூவெல்லாம் போச்சே!' என்று மனசு அடித்துக்கொண்டது.

மதகு ஓரத்தில் ஒரு பச்சைத் திட்டு. துரை சொன்னது சரிதான் என்று எரிச்சலோடு கிட்டே போனார்.

வயலட் பூ. புத்தகத்துப் படத்தோடு பொருந்திய ஒரே பூ. கண்டுபிடித்த அன்றைக்குச் சாரதாவிடம் மூன்று தடவை சொன்ன பூ.

அடுத்த திட்டில் காசித்தும்பை. அதற்கடுத்து, பாறை இடுக்கில் பெகோனியா.

முருகையா நடையை எட்டிப் போட்டார். நோட்டைத் திறந்து எண்ணினார். பெயர் எழுதியது ஆறு, குச்சி ஊன்றியது மூன்று. ஒன்பதும் அவருடைய ஒன்பது.

கடைசித் திட்டில் அவர் ஊன்றிய குச்சி அசையாமல் நின்றது. பதினைந்து நாளாக மொட்டாகவே இருந்த செடி பூத்திருந்தது. அதைக் குனிந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மாக்கண்ணு எட்டாம் நம்பரில் பம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னுதானே விட்டே?"

திடுக்கிட்டு எழுந்தாள். "மன்னிச்சிருங்க கிராணியாரே. தினமும் மேல இருந்து பாப்பேன், நீங்க நின்ன இடத்தையெல்லாம் ஞாபகம் வெச்சிக்கிட்டேன். ஆபீசுல உங்க மூஞ்சில சிரிப்பே வராது. அங்க மட்டும்தான் வரும்."

கண்ணு எங்கே போச்சு என்று இவளைத்தான் கேட்டோம் என்று நினைத்தபோது முருகையாவுக்கு உடம்பு கூசியது.

"நேத்தே சொல்லக் கூடாதா? நாலு பேருக்கு முன்னாடி அவ்வளவு திட்டு திட்டினேனே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே துரைகிட்டப் பேசியிருப்பேனே!"

அம்மாக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கங்காணி பக்கத்துல நின்னாருல்ல? வேலை நேரத்துல நீங்க மணிக்கணக்கா பூ பாத்துக்கிட்டு நிக்கிறது துரைக்குத் தெரிஞ்சா, அந்த லெட்டர் உங்களுக்குல்ல வந்திருக்கும்?"